வெயிலில் சுருங்காத கயிறு

நேற்றுக் காலை நீ போனில் சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "எங்கட அம்மா மாதிரி ஆர் வரும்? வேற தாய்மார் எண்டால் ஊரைக் கூட்டியிருப்பினம். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்றாய். உனக்குப் பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது, சுகந்தியாக இருக்கும். நான் "ஓம் அப்பன், சாப்பிட்டியோ?" என்று கேட்டுக் கதையை மாற்றினேன். போனை வைத்துவிட்டு மெசினில் வந்து இருந்தேன். கால் மிதித்தது, ஊசி ஏறி இறங்கியது, துணி எங்கே போகிறது என்று மட்டும் நான் பார்க்கவில்லை. பார்த்தபோது ஒரு முழ நீளத்துக்குத் தையல் தன்பாட்டில் விலகிப் போயிருந்தது. அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் இதை உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை உனக்கும் சுகந்திக்கும் கல்யாணம். அதற்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும். போனில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் "விடுங்கோம்மா" என்பாய், நானும் நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிடுவேன். எழுத்தில் நீ குறுக்கே வர முடியாது.

மெசினில் ஏறினால் நான் இங்கே இருப்பதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். "கொம்மா தைக்கிறா எண்டால் அவா இந்த அக்கராயன் ஊரிலயே இல்லை. வா, சோத்தை நாங்களே போட்டுச் சாப்பிடுவம்" என்று உன் அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு குசினிக்குள் போவார். சட்டை தைக்கும்போது அப்படி வராது. அளவு, மடிப்பு என்று மனம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். செற்றிக் கதிரைகளுக்கு, அதுதான் சோபாவுக்கு, உறை தைத்து, அதன் விளிம்பெல்லாம் கயிறு வைத்துச் சுற்றி வரும்போதுதான் அந்த மயக்கம் வரும். மூலைவாட்டில் வெட்டிய நீளப் பட்டிக்குள் கயிற்றைப் படுக்க வைத்து, மடித்து, கயிற்றை ஒட்டினாற்போல ஊசியை ஓட விட வேண்டும். விரலுக்குக் கீழே கயிறு சின்னப் புடைப்பாய் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னேரத்தில் குளக்கட்டில் நடக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் வளைந்து வளைந்து போகிற கட்டு. எங்கே தொடங்கினேன், எவ்வளவு தூரம் வந்தேன் என்று தெரியாது. நீ பிறந்தது, நாங்கள் இடம்பெயர்ந்து போனது, திரும்பி வந்து பற்றைக்குள் எங்கள் கிணற்றைத் தேடியது, இன்னும் பிறக்காத உன் பிள்ளைகள் இந்தக் கதிரைகளில் ஏறிக் குதிக்கிற சத்தம் எல்லாம் அந்த ஒரே ஓட்டத்தில் வந்து போகும். மூலை வந்தால் மட்டும் விழித்துக்கொள்வேன். ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டு, துணியைத் திருப்பி, பட்டியில் சின்னதாய் இரண்டு வெட்டுக் கொடுக்காவிட்டால் கயிறு திரும்பாது. அதற்கும் என்னைப் போல வீம்பு உண்டு.

கல்யாணம் கட்டப் போகிற பிள்ளைக்குத் தாய் நாலு புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் அவ்வளவு இருப்பில் இல்லை. சுகந்தி சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு போனைப் பார்க்காதே. கோபம் வந்தால் வீட்டுக்குள் இருந்தே கோபப்படு. உன் அப்பா கோபம் வந்தால் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். கல்யாணம் முடித்து நான் இங்கே வந்த முதல் வருடம், அவர் போகிற பாதையைப் பார்த்தபடி விறாந்தையில் எத்தனை பகல் இருந்திருப்பேன்! சண்டை போட ஆளில்லாத வீடு மாதிரிக் கொடுமை வேறில்லை. இதெல்லாம் எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். நான் எழுத வந்தது வேறு.

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்கிறாயே. உனக்கு முன்னால் சொல்லவில்லை, அவ்வளவுதான். சுகந்தியைப் பற்றி நீ வந்து சொன்ன அன்று தலையாட்டினேன், தேத்தண்ணி போட்டுத் தந்தேன், பஸ்ஸடி வரைக்கும் வந்து வழியனுப்பினேன். நீ வவுனியாவுக்கு பஸ் ஏறிய பிறகு குசினிக்குள் நின்று நான் பேசிய பேச்சை உன் அப்பாதான் கேட்டார். சுகந்தியின் குடும்பத்தைப் போல மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்து வன்னியில் குடியேறிய சனத்தை எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு சொல்லால் சொல்வார்கள். உனக்கும் தெரிந்த சொல்தான். இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அன்று வாய் வந்தது, நாலைந்து தரம் வந்தது. "நாங்களும் காணி தாறாங்கள் எண்டுதான் இஞ்ச வந்தனாங்கள். அதுகளும் அப்பிடித்தான் கண்டாவளைக்கு வந்ததுகள். மெல்லக் கதையும்" என்றார் உன் அப்பா. நான் மெல்லக் கதைத்தேன், நிறுத்தவில்லை.

பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதென்று நாள் வைத்தார்கள். எனக்கு வீம்பு பிடித்தது. எங்கள் வீடு எப்படிப்பட்ட வீடு என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். வெங்காயத் தோல் நிறத்தில் துணி எடுத்தேன், விளிம்புக்கு மாதுளம்பழச் சிவப்பில் பட்டி. நீளச் செற்றிக்கு ஆறு உறை, இரண்டு தனிக் கதிரைக்கும் நாலு, மொத்தம் பத்து. ஒரு கிழமைக்குள் முடிக்க வேண்டும். தையல் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்வது என்ன? "கயிறை முதல்ல சுடுதண்ணியில போட்டு எடுத்துக் காயவிடுங்கோ." பருத்திக் கயிறு முதல் தண்ணீரில் சுருங்கும். நனைக்காமல் தைத்தால், பிறகு உறையைத் தோய்க்கும்போது துணி தன் அளவில் நிற்க, கயிறு மட்டும் சுருங்கி விளிம்பையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எல்லாருக்கும் சொல்கிற நான் அந்த முறை கயிற்றை நனைக்கவில்லை. அவசரம் ஒரு காரணம். உண்மையான காரணம், அந்த உறைகளை நான் காட்டுவதற்குத் தைத்தேன். பாவித்து ஊத்தையாகி அவற்றைத் தோய்க்க வேண்டி வரும் என்ற நினைப்பே எனக்கு இருக்கவில்லை.

அவர்கள் வந்த சனிக்கிழமை உனக்கு லீவு கிடைக்கவில்லை. சுகந்தியின் அப்பாவும் அம்மாவும் மாமா ஒருவரும் வந்தார்கள். சுகந்தியின் அப்பா முற்றத்துக் குழாயில் கால் கழுவிவிட்டுத்தான் படியேறினார். மடிப்புக் குலையாத புதுச் சட்டை. செற்றியின் நுனியில், பஸ்ஸில் மூன்று பேர் இருக்கிற சீற்றில் நாலாவதாக இருப்பவரைப் போல இருந்தார். "நல்லா சாய்ஞ்சு இருங்கோ" என்று உன் அப்பா இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. லெட்சுமி, சுகந்தியின் அம்மா, இருந்த உடனேயே மூலையைத் தடவிப் பார்த்தாள். "மூலை எம்புட்டு சுத்தமா திரும்பியிருக்குங்க! யாரு தைச்சது?" என்று கேட்டாள். ஆடைத் தொழிற்சாலையில் பல வருடம் மெசினில் இருந்தவள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்தான் என்றேன். அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நல்ல சனம், நாலு வார்த்தை அளவாய்ப் பேசி, தந்ததைச் சாப்பிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு எழும்பினார்கள். உன் அப்பா பஸ்ஸடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் நான் உறைகளைக் கழற்றினேன். ஏன் என்று என்னை நானே கேட்கவில்லை. கை தன்பாட்டில் போயிற்று. எதில் யார் இருந்தார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கழற்ற எனக்கே வெட்கமாக இருந்ததால் பத்தையும் கழற்றினேன். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்துத் தோய்த்து, கொடியில் வரிசையாய்ப் போட்டேன். பின்னேர வெயிலில் அந்தத் துணி பொன்னிறமாய்க் காற்றில் ஆடியது. பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது. உன் அப்பா திரும்பி வந்து கொடியடியில் நின்றார்.

"என்னப்பா இது? நேற்றுத்தானே போட்டனீர்?"

"தேத்தண்ணி ஊத்துப்பட்டிட்டுது."

அவர் கொடியின் இந்தத் தலையில் இருந்து அந்தத் தலை வரைக்கும் பார்த்தார். "பத்திலயுமோ?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்தார்.

காய்ந்த பிறகு பார்த்தேன். பத்து உறையும் விளிம்பு முழுக்கச் சுருக்கு விழுந்து கோணியிருந்தன. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டேன், ஈரத்தோடு இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. நாள் குறிக்க நீயும் லெட்சுமியும் வந்த அன்று வேறு உறை இல்லாமல் அவற்றையே போட்டு வைத்திருந்தேன். நீ உள்ளே வந்ததும் சிரித்தாய். "என்னம்மா, கதிரை எல்லாம் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு இருக்கு?" என்று கேட்டாய். நான் தரையைப் பார்த்தேன். லெட்சுமி கையை நீட்டி, கயிற்றின் மேலே ஒரு விரலை மெல்ல ஓட விட்டாள். ஒரு மூலையில் இருந்து அடுத்த மூலைக்கு. பிறகு என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சொன்னாள்:

"வெயிலுதான் தம்பி. ஜன்னல் பக்கமா கிடக்குல்ல. புதுக் கயிறு, வெயில் பட்டா சுருங்கிக்கும்."

நீ நம்பினாய். நல்ல பிள்ளையாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செற்றியை ஜன்னலடியில் இருந்து இழுத்து மறுபக்கச் சுவரோடு போட்டாய். இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது. காற்றே வராத இடம். ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறேன். வெயிலில் கயிறு சுருங்காது மகனே. தண்ணீரில்தான் சுருங்கும். மெசினைத் தொட்ட எவருக்கும் அது தெரியும். போட்டு ஒரு கிழமையும் ஆகாத, அவர்கள் இருந்து எழும்பிய உறையை நான் ஏன் தோய்த்தேன் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த கிழமை அவள் தனியாக வந்தாள், இரண்டு பஸ் மாறி. பையில் தையல் பிரிக்கிற கத்தி, மூக்குக் கண்ணாடி, ஒரு சுற்றுக் கயிறு. "கல்யாண வீட்டுக்கு ஆளுங்க வருவாங்கல்ல. பிரிச்சுத் தைச்சிருவோம்ங்க. கயிறை நனைச்சுக் காயவச்சே கொண்டாந்திருக்கேன்" என்றாள். உன் அப்பா வயலுக்குப் போயிருந்தார். நிலத்தில் பாய் விரித்து, நடுவில் உறைகளைக் குவித்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம். பகல் பத்து மணி. குளத்துப் பக்கமிருந்து காற்று வந்து துணிக்குள் நுழைந்து நுழைந்து வெளியே போனது. தையல் பிரிகிற சத்தம் மிகச் சின்னது. ஆடு புல் மேய்கிற சத்தம் மாதிரி. வெட்டிய நூல் எங்கள் மடியெல்லாம் சிவப்பாய்க் கிடந்தது. அப்படியே நான் எங்கோ போய்விட்டேன்.

போன இடம் நல்ல இடமில்லை. போர் நேரம் மணலில் கூடாரமாய்க் கட்டிய தறப்பாளுக்குக் கீழே நாங்கள் கிடந்த நாட்கள். உனக்கு ஒரு கிழமையாய்க் காய்ச்சல். பக்கத்துத் தறப்பாளில் இருந்த மலையகத்துப் பெண் ஒருத்தி தன் பிள்ளைகளுக்கு வைத்த கஞ்சியில் பாதியை உனக்குக் கொண்டுவந்து, தானே பருக்கி, தன் சேலைத் தலைப்பால் உன் வாயைத் துடைத்துவிட்டாள். அவள் கோப்பையில்தான் நானும் குடித்தேன். அது லெட்சுமியாக இருந்திருந்தால் கதைக்கு அழகாய் இருக்கும். அது வேறொருத்தி, பெயர்கூடக் கேட்கவில்லை. அன்று எல்லாரும் ஒரே மணலில் இருந்தோம், எழும்பின இடத்தை ஒருவரும் கழுவவில்லை. வீடு கட்டி, கதிரை வாங்கி, அதற்கு உறையும் தைத்த பிறகுதான் எனக்கு அந்தப் பழக்கம் திரும்பி வந்தது. உயிரோடு திரும்பி வரும்போது எதையெல்லாமோ விட்டுவிட்டு வந்தோம், இதை மட்டும் நான் பத்திரமாய்க் கொண்டு வந்திருக்கிறேன்.

நினைவு திரும்பியபோது என் வாய் பேசிக்கொண்டிருந்தது. "வெயில் இல்லை. நான்தான் தோய்ச்சனான். நீங்கள் படலை தாண்டின உடன தோய்ச்சனான்."

லெட்சுமி தலையை நிமிர்த்தவில்லை. "தெரியுங்க. கயிறைத் தொட்டதுமே தெரிஞ்சிருச்சு."

"பிறகேன் தம்பியிட்ட வெயில் எண்டு சொன்னனீங்கள்?"

"வேற என்னத்தச் சொல்றது? அவரு உங்க மொகத்தப் பாக்குறாரு. நீங்க தரையப் பாக்குறீங்க. என் வாயில வந்தது அதுதான்."

"உங்களுக்குக் கோவம் இல்லையோ?"

கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன் இல்லாம? அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு போட்டுட்டு வந்த சட்டை நான் எடுத்துக் குடுத்தது. சம்பந்தி வீட்டுக்குப் போறோம்னு ரெண்டு தடவை முடி சீவுனாரு அந்த மனுஷன். திரும்பிப் போறப்ப பஸ்ஸு பூரா உங்க வீட்டுப் பெருமைதான் பேசினாரு. நல்லா மதிச்சாங்க, நல்லா மதிச்சாங்கன்னு. நான் இத அவருகிட்ட எப்படிச் சொல்லுவேன்? சொன்னா இந்தக் கல்யாணம் நடக்காதுங்க. சுகந்திகிட்டயும் சொல்லல. நீங்களும் தம்பிகிட்ட சொல்லிராதீங்க. தாயையும் மகனையும் பிரிச்சவளுன்னு எம் பொண்ணுக்குப் பேரு வர வேணாம்."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, தேற்ற வேண்டியதும் இல்லை. "அந்த உறையை இப்படித் தாங்க" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் கயிற்றைப் பற்றியும் பட்டியைப் பற்றியும் மட்டுமே பேசினோம். அவள் கயிற்றைப் பட்டிக்குள் வைத்து மடித்துத் தர, நான் தைத்தேன். மூலை வந்தபோதெல்லாம் அவளுடைய விரல் துணியை எனக்குத் திருப்பித் தந்தது. பத்தும் முடிய இரண்டு நாள் வர வேண்டியிருந்தது. இரண்டு நாளும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். முதல் நாள் சோற்றுக் கோப்பையைக் கழுவ எழும்பினாள். நான் வாங்கிக் கழுவினேன். அதை ஒரு பெரிய காரியமாய் நான் எழுதுவதை நீ வாசித்துச் சிரிக்கலாம். கழுவியதை எங்கள் கோப்பைகளோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

சொல்லாதீங்க என்று அவள் கேட்டதற்கு நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நேற்று வரைக்கும் இருந்தேன். உறைகள் இப்போது ஒரு சுருக்கும் இல்லாமல் அழகாய்த்தான் இருக்கின்றன. கல்யாணத்துக்கு வருகிற சனமெல்லாம் தடவிப் பார்த்துப் புகழும். நானும் சிரித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் நேற்று நீ போனில் அப்படிச் சொன்ன பிறகு என்னால் முடியவில்லை. நீ இதே பெருமையை ஊரெல்லாம் சொல்லப் போகிறாய். சுகந்தியிடம் சொல்வாய், லெட்சுமிக்கு முன்னாலேயே சொல்வாய். அவள் ஒவ்வொரு முறையும் தலையாட்டிக்கொண்டு அந்த வெயில் பொய்யைக் காவிச் சுமக்க வேண்டும். அவள் எனக்குச் செய்தது போதும்.

நீ கோபப்படுவாய். படு. வெள்ளிக்கிழமை மணவறைக்குப் போகமுதல் என் காலில் விழ மனம் வராவிட்டால் விழாதே. ஆட்கள் கேட்டால் நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன், சமாளிக்க எனக்குத் தெரியும் என்று இப்போது உனக்கும் தெரியுமே. சுகந்தியின் அப்பாவுக்குச் சொல்வதா இல்லையா என்பதை லெட்சுமி முடிவு செய்யட்டும். சொல்லு என்றால் அவருக்கு முன்னால் நானே போய் நின்று சொல்வேன், உன்னை அனுப்ப மாட்டேன். உனக்கு எழுதிவிட்டேன் என்று நாளைக்கே அவளிடம் சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

இவ்வளவு எழுதியும் நான் திருந்திவிட்டேன் என்று எழுத எனக்குத் துணிவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவளுடைய கை அது. நான் வேறெங்கோ நினைத்துக்கொண்டு நிற்கும்போது தன்பாட்டில் போய் ஒரு வேலையைச் செய்துவிடும். இனி ஒரு நாள் நான் சுகந்தியை ஒரு பார்வையால், ஒரு சொல்லால், ஒரு கோப்பையைத் தள்ளி வைப்பதால் நோகடிக்கக்கூடும். நீ பக்கத்தில் இருக்க மாட்டாய். நீ வந்ததும் அவள் உன்னிடம், "உங்கம்மா இப்படிச் செஞ்சாங்க" என்று சொல்வாள், அழுதுகொண்டோ அழாமலோ. அந்த நேரத்துக்காகத்தான் மகனே இந்தக் கடிதம். "எங்கட அம்மா அப்பிடிச் செய்ய மாட்டா" என்று சொல்ல உன் வாய் எழும்பும். சொல்லாதே அப்பன். உன் அம்மா செய்வா. நீ சுகந்தியை நம்பு.